வெளியில் நிற்கும் பெட்டிக்கும் மூச்சு வேண்டும்

புதிதாகக் கட்டப்பட்ட மாடி வீடுகளுக்குக் குடிபோகும் எம்மவர்கள் சிலர், கட்டடத்தின் பக்கத்தில் நிற்கும் பெரிய சாம்பல் நிறப் பெட்டியையும் அதற்குள் சுழலும் காற்றாடியையும் கண்டுவிட்டு, "ஏசி பூட்டின வீடு" என்று மகிழ்ந்துபோவதுண்டு. உள்ளே போய்ப் பார்த்தால் ஏசி எதுவும் இராது. ஆடி மாதம் வந்தால் வீடு வேகும். அந்தப் பெட்டி பெரும்பாலும் வெப்பப் பம்பியின் வெளிப்பகுதியாகவே இருக்கும். ஜேர்மன் மொழியில் இதனை வேர்மெபும்பெ என்பார்கள். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் சுவரில் பூட்டியிருக்கும் வளிச்சீராக்கியின் வெளிப்பெட்டியும் இதுவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று வீட்டுக்குள் இருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. மற்றது வெளியில் இருக்கும் வெப்பத்தை வீட்டுக்குள் இழுத்து வருகிறது.

இந்த நாட்டில் எமது குடும்பங்கள் இந்தப் பெட்டியை மூன்று இடங்களில் சந்திக்கின்றன. குடியிருக்கும் வீட்டில் ஒன்று. வேலை செய்யும் றெஸ்ரோறன்ற் குசினியின் பின்முற்றத்தில் இன்னொன்று. மீனும் கறிவேப்பிலையும் வாங்கும் எங்கள் கடைகளின் பின்பக்கத்தில் மூன்றாவது. மூன்று இடத்திலும் கதை ஒன்றுதான். பெட்டிக்குக் காற்றுப் போய்வர வழி இருக்க வேண்டும். ஊத்தை அடைத்தால் மின்சாரக் கட்டணம் ஏறும், சத்தம் கூடும், கடைசியில் இயந்திரம் நின்றுவிடும். ஊத்தையை அகற்றுவது புறஷும் தண்ணீரும் கொண்டு நாமே செய்யக்கூடிய வேலை. அதற்கு அப்பால் உள்ள வேலையில் நாம் கைவைக்கக் கூடாது. சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

முதலில் அதற்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஊசி போடுமுன் தாதி கையில் ஸ்பிரிட் பூசும்போது சில்லென்று குளிர்கிறதல்லவா? ஸ்பிரிட் ஆவியாகும்போது எமது தோலில் இருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. குளிர்சாதனத்தின் அடிப்படையும் இதுதான். குழாய்க்குள் ஓடும் திரவம் மிகக் குறைந்த வெப்பநிலையிலேயே கொதித்து ஆவியாகும் தன்மை கொண்டது. உதாரணமாக, புதிய வெப்பப் பம்பிகள் பலவற்றில் நிரப்பப்படும் புறொப்பேன் சாதாரண அழுக்கத்தில் சைபருக்குக் கீழே 42 பாகையிலேயே கொதித்துவிடும். அப்படியானால் சைபர் பாகைக் குளிர்காற்றுக்கூட அதற்கு அடுப்புப் போன்றதுதான். ஆவியான வாயுவைக் கொம்பிறசர் அமுக்கும்போது அது சூடேறுகிறது. அந்தச் சூட்டை ஓரிடத்தில் இறக்கிவிட்டு வாயு மீண்டும் திரவமாகிறது. இந்தச் சுற்று ஓயாமல் நடக்கிறது.

ஏசியிலும் கடையின் குளிர் அறையிலும் சூடு இறங்கும் இடம் வெளிப்பெட்டி. அதனால்தான் அதன் முன்னால் நின்றால் முகத்தில் வெக்கை அடிக்கிறது. பெட்டியின் பின்புறமும் பக்கமும் தெரியும் வெள்ளி நிற அலுமினியத் தகடுகளைப் பாருங்கள். ஒவ்வொரு தகடும் காகிதம்போல மெல்லியது. ஒன்றுக்கும் மற்றதற்கும் இடையில் ஓரிரு மில்லிமீற்றர் இடைவெளிதான். அந்த இடைவெளிகளுக்கூடாகக் காற்றாடி இழுக்கும் காற்றுத்தான் சூட்டை எடுத்துக்கொண்டு போக வேண்டும். தூசியும் பஞ்சும் அங்கே ஒட்டினால் சூடு வெளியேறாது. உள்ளே அழுக்கம் ஏறும். கொம்பிறசர் அந்த அழுக்கத்துக்கு எதிராக மூச்சுப்பிடித்து வேலை செய்யும், அதற்குக் கூடுதல் மின்சாரம் இழுக்கும். இன்னும் ஏறினால் பாதுகாப்பு ஆளி இயந்திரத்தை நிறுத்திவிடும். அது நிற்பது நல்ல காலம். நிற்காமல் ஓடி ஓடிக் கொம்பிறசர் எரிந்தால் அந்தச் செலவுக்குப் புதுச் சாதனமே வாங்கலாம் போலிருக்கும்.

வெப்பப் பம்பியில் இது தலைகீழ். வெளிப்பெட்டிதான் குளிரும் பக்கம். மாரிகாலத்தில் வெளிக்காற்றில் உள்ள ஈரம் அந்தத் தகடுகளில் படிந்து வெண்பனியாக உறைந்துவிடும். இயந்திரம் இதை அறிந்து, சிறிது நேரம் சுற்றைத் திருப்பி, சூடான வாயுவை வெளித்தகடுகளுக்கு அனுப்பி உறைபனியை உருக்கும். அந்த நேரத்தில் பெட்டியில் இருந்து வெள்ளை நிறத்தில் நீராவி மேகம்போல எழும்பும். ஊரிலிருந்து வந்த அம்மாமார் யன்னலால் பார்த்துவிட்டு, "தம்பி, உங்கை பெட்டிக்குள்ளாலை புகை வருது, ஓடி வா" என்று பதறுவது இதற்குத்தான். அது புகை அல்ல. கருகிய மணம் இல்லாமல், சில நிமிடங்களில் தானாக அடங்கினால் 118 இலக்கத்துக்கு அடித்துத் தீயணைப்புப் படையை வரவழைக்கத் தேவையில்லை.

வெப்பப் பம்பி நேற்று வந்த புதினம் என்று பலர் எண்ணுகிறார்கள். சூரிச் நகரில் லிம்மாற் ஆற்றங்கரையில் நிற்கும் பழைய றாற்ஹவுஸ் கட்டடத்தில் 1938ஆம் ஆண்டிலேயே வெப்பப் பம்பி ஓடத் தொடங்கிவிட்டது. எஷர் வீஸ் நிறுவனம் அதை அமைத்தது. ஆற்றுத் தண்ணீரில் இருந்து வெப்பத்தை எடுத்து மண்டபத்தைச் சூடாக்கினார்கள். அடுத்து வந்த உலகப் போரில் நிலக்கரி கிடைப்பது அரிதானபோது இந்த நாட்டில் மேலும் பல வெப்பப் பம்பிகள் எழுந்தன. றாற்ஹவுஸ் இயந்திரம் 2001 வரை, அறுபது வருடத்துக்கு மேலாக, ஓடியது. ஒழுங்காகப் பராமரித்தால் ஓர் இயந்திரம் எவ்வளவு காலம் உழைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. 2000ஆம் ஆண்டில் சுவிஸ் குடியிருப்புக் கட்டடங்களில் நூற்றுக்கு நாலு அளவில்தான் வெப்பப் பம்பியால் சூடாக்கப்பட்டன. 2021இல் அது நூற்றுக்குப் பதினேழாக உயர்ந்தது. ஆகவே நீங்கள் அடுத்ததாகக் குடிபோகும் வீட்டில் எண்ணெய்த் தாங்கிக்குப் பதிலாக இந்தப் பெட்டி நிற்கக்கூடும்.

அப்படியானால் ஏசி? 2003 ஓகஸ்ட் 11ஆம் திகதி கிரவுபுண்டன் மாநிலத்தின் கிறோனோ என்ற கிராமத்தில் 41.5 பாகை பதிவானது. ஜெனீவாவில் 2015 யூலை 7இல் 39.7 பாகை. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கும் இது விளையாட்டல்ல. எங்கள் வீடுகளில் காற்றுப் புகுந்து வெளியேற வழியிருந்தது. இங்குள்ள வீடுகள் குளிரைத் தடுக்கவென்று கட்டப்பட்டவை, உள்ளே புகுந்த வெக்கை இலகுவில் வெளியேறாது. ஆகவே கைக்குழந்தையும் வயது போனவர்களும் உள்ள குடும்பங்கள் ஏசி பூட்ட நினைப்பது நியாயமே. ஆனால் எல்லை தாண்டி ஜேர்மனியில் மலிவாக வாங்கிய இரண்டு துண்டு ஏசியைக் காரில் ஏற்றி வந்து, நண்பரைப் பிடித்துச் சுவரில் துளைபோட்டுப் பூட்டுவது பெரிய வில்லங்கத்தில் கொண்டுபோய் விடும். கட்டடத்தின் வெளிப்புறத்தில் பெட்டி பூட்டப் பொதுவாகக் கட்டட அனுமதி வேண்டும். ஜெனீவா மாநிலத்தில் குளிரூட்டல் உண்மையிலேயே தேவை என்று நிரூபிக்கவும் வேண்டும். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரின் சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று கடப்பாட்டுச் சட்டத்தின் 260அ பிரிவு சொல்கிறது. "வாயால் சொன்னவர், சிரிச்சவர்" என்பது செல்லாது. வாயுக் குழாயை இணைக்கும் தொழிலாளிக்குக் குளிர்பதன வாயுவைக் கையாளும் விசேட அனுமதி வேண்டும், மின் இணைப்புக்கும் அனுமதி பெற்ற மின்தொழிலாளி வேண்டும்.

யன்னலால் குழாயை நீட்டிவிடும் உருட்டு ஏசிக்குப் பொதுவாக இந்த அனுமதிகள் தேவையில்லை. ஆனால் அது அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்து வெளியே தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப வேறு இடுக்குகளால் வெளிவெக்கை உள்ளே வரும். குளிர்ச்சியில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். அதன் பின்புறத் தும்பு வடிகட்டியை இரண்டு கிழமைக்கு ஒருதரம் கழற்றிக் கழுவ வேண்டும். இங்குள்ள சாதாரணச் செருகி 10 அம்பியருக்கு மட்டும் உரியது. ஆகவே ஒரே நீட்டு வயரில் ஏசியையும் சோறு அவிக்கும் மின்பானையையும் சேர்த்துச் செருகாதீர்கள். பகலில் வெளிப்புறத் திரைகளை இறக்கி, விடியற்காலையில் எதிரெதிர் யன்னல்களைத் திறந்துவிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

இனிப் பெட்டியைக் கழுவும் விடயம். உங்கள் சொந்த வீடு, உங்கள் சொந்தப் பெட்டி என்று வைத்துக்கொள்வோம். வருடத்தில் இரண்டு காலம் முக்கியம். வைகாசி, ஆனி மாதங்களில் பூந்தூளும் பொப்ளர் மரங்களின் வெள்ளைப் பஞ்சும் காற்றில் பறந்து தகடுகளில் கம்பளிபோலப் படியும். பிறகு ஐப்பசி, கார்த்திகையில் சருகு. முதல் வேலை, பெட்டிக்கு அருகிலுள்ள ஆளியையோ பியூஸ் பெட்டியில் அதற்குரிய ஆளியையோ நிறுத்துவது. வீட்டுக்குள் உள்ள றிமோற்றில் நிறுத்தினால் போதாது. காற்றாடி எந்நேரமும் தானாகச் சுழலத் தொடங்கலாம். மூடியைக் கழற்றவே வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் உள்ளே உள்ள கொண்டென்சேற்றர்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும், அது ஆளைத் தூக்கி எறியும்.

உலர்ந்த பஞ்சை முதலில் மென்மையான புறஷால் தகடுகள் ஓடும் திசையிலேயே, பெரும்பாலும் மேலிருந்து கீழாக, வழித்தெடுங்கள். குறுக்கே தேய்த்தால் தகடுகள் சாய்ந்துவிடும், சாய்ந்த தகடு அடைத்த தகடுதான். தும்பு இழுக்கும் மெஷினின் புறஷ் முனையாலும் இழுக்கலாம். அதன் பின்னர் தோட்டக் குழாயால் மெதுவான தண்ணீரை மேலிருந்து கீழாக ஓடவிடுங்கள். கார் கழுவும் அமுக்க மெஷின் வேண்டவே வேண்டாம். ஒரு நிமிட அவசரத்தில் முழுத் தகடும் மடிந்துபோன பெட்டிகளை நான் கண்டிருக்கிறேன். வினாகிரி, குளோரின், குசினி எண்ணெய்க்கறை நீக்கும் காரத் திரவம் இவை எல்லாம் அலுமினியத்தை அரிப்பவை. தண்ணீர் போதாவிட்டால் தகடுகளுக்கென்று விற்கும் மிதமான துப்புரவுத் திரவத்தை வாங்குங்கள். நன்றாகக் காய்ந்த பின் ஆளியைப் போடலாம்.

பெட்டிக்கு முன்னும் பின்னும் விட வேண்டிய இடைவெளி அதனுடைய கைந்நூலில் எழுதியிருக்கும். அந்த இடம் சைக்கிள் சாத்தவும் பூச்சாடி வைக்கவும் உடுப்புக் காயப்போடவும் அல்ல. ஏசிப் பெட்டியை மாரியில் மூடி வைப்பவர்கள் உண்டு. அதே பழக்கத்தில் வெப்பப் பம்பியையும் துணியால் போர்த்துவிட்டால் அது வேலை செய்ய வேண்டிய காலத்தில் மூச்சடைத்து நின்றுவிடும். பனி கொட்டிய காலையில் பெட்டியைச் சுற்றியுள்ள பனியைக் கையால் அகற்றுங்கள். தகட்டில் உறைந்த கட்டியைக் கத்தியால் கொத்தாதீர்கள், உள்ளே வாயுக் குழாய் ஓடுகிறது. பெட்டிக்குக் கீழே தண்ணீர் வடியும் வழி உறைந்து நடைபாதையில் பனிக்கட்டி படிந்தால் யாராவது சறுக்கி விழுவார்கள். அதையும் கவனிக்க வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது வேறு விதம். பொதுக் கட்டடத்தின் வெப்பப் பம்பி வீட்டு நிர்வாகத்தின் பொறுப்பு. சருகு அடைத்திருக்கிறது என்று நல்லெண்ணத்தில் நீங்கள் தண்ணீர்க் குழாயுடன் போய் நிற்க வேண்டாம். பிறகு ஏதாவது பழுதானால் விரல் உங்களை நோக்கித்தான் நீளும். ஹவுஸ்வார்ட்டிடம் சொல்லுங்கள். சட்டப்படி, வாடகையாளர் தாமே நீக்கக் கடமைப்படாத குறையை வீட்டுக்காரருக்கு அறிவிப்பது உங்கள் கடமை. அறிவிக்காமல் விட்டு சேதம் பெருத்தால் உங்களிடமே நட்டஈடு கேட்கலாம். அறிவித்தும் மாரியில் வீடு குளிர்ந்தே கிடந்தால் வாடகையில் குறைப்புக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஒத்துவராவிட்டால் வாடகைப் பிணக்குகளுக்கான இணக்கசபை இருக்கிறது. குடியிருப்பு வாடகை விடயத்தில் அங்கே கட்டணம் இல்லை. எம்மவர்கள் பலர் "வெள்ளைக்காரனோடு ஏன் சண்டை" என்று போர்வையைப் போர்த்துக்கொண்டு மாரியைக் கழிக்கிறார்கள். குறையை எழுதிக் கொடுப்பது சண்டை அல்ல. இந்த நாட்டில் அது சாதாரண நடைமுறை.

சத்தம் இன்னொரு விடயம். புதிய இயந்திரங்களுக்குச் சாதாரண குடியிருப்பு வலயத்தில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்ற வரம்பை 1986ஆம் ஆண்டின் சத்தத் தடுப்புச் சட்டவிதி வைத்தது. அயலவரின் திறந்த யன்னலில் நின்று அளப்பார்கள். சூடாக்கும், குளிரூட்டும் இயந்திரங்களுக்கு இரவு என்பது மாலை 7 மணிக்கே தொடங்கிக் காலை 7 மணிக்கு முடிகிறது. ஊத்தை அடைத்த பெட்டியில் காற்றாடி வேகமாகச் சுழலும், கொம்பிறசர் கனைக்கும். நேற்றுவரை அமைதியாக இருந்த பெட்டி இன்று அயலவரைக் கோபப்படுத்துகிறதென்றால் முதலில் தகடுகளையும், பிறகு அடியில் உள்ள இறப்பர்க் கால்களையும் பார்க்க வேண்டும்.

குசினியில் வேலை செய்யும் சகோதரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1980களில் இருந்து எம்மவர்களில் பெருந்தொகையானோர் இந்த நாட்டின் றெஸ்ரோறன்ற்களில் பாத்திரம் கழுவியும் சமைத்தும் வாழ்வைத் தொடங்கினார்கள். குளிர் அறையின் வெளிப்பெட்டி பல இடங்களில் பின்முற்றத்தில், பொரிக்கும் புகை வெளியேறும் துவாரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். எண்ணெய்ப் புகையும் தூசியும் சேர்ந்து தகட்டில் களிபோல ஒட்டும். கோடை நாளில் சனம் நிறைந்த நேரம் பார்த்துக் குளிர் அறை 5 பாகையைத் தாண்டி ஏறும், மீனும் இறைச்சியும் குப்பைக்குப் போகும். முதலாளி "நீ ஒருக்கா அதைக் கழுவி விடு" என்று சொன்னால், முதலில் "ஆளி எங்கே?" என்று கேளுங்கள். ஆளியைக் காட்ட முடியாதென்றால், அல்லது கூரைமேல் ஏறச் சொன்னால், அது உங்கள் வேலை அல்ல என்று பணிவாகச் சொல்லுங்கள். ஒட்டிய எண்ணெய்க் களியைப் புறஷால் எடுக்க முடியாது, அதற்குச் சேவை நிறுவனத்தின் ஆள் வர வேண்டும். சொந்தமாகக் கடை வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை சேவை ஒப்பந்தம் செய்துகொள்வது, ஒரு பெட்டி அறக்குளா மீன் பழுதாவதைவிட மலிவு.

வாயுவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. "காஸ் குறைஞ்சு போச்சு, நிரப்ப வேணும்" என்று ஒவ்வொரு வருடமும் காசு வாங்கும் திருத்துநர்கள் ஊரிலும் உண்டு, வேறிடங்களிலும் உண்டு. இந்த வாயு பெற்றோல்போல எரிந்து தீர்வதல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி ஓடுவது. குறைந்துவிட்டதென்றால் எங்கோ ஒழுகுகிறது. ஒழுக்கைக் கண்டுபிடித்து அடைக்காமல் வாயு நிரப்புவது ஓட்டை வாளிக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான். அதோடு, பழைய வாயுக்கள் ஓசோன் படலத்தைத் துளைத்ததாலேயே 1987இல் மொன்றியல் உடன்படிக்கை வந்தது. அதற்குப் பின் வந்த ஆர் 410 ஏ என்ற வாயு ஓசோனைத் தொடாது, ஆனால் ஒரு கிலோ வெளியேறினால் 2000 கிலோவுக்கு மேற்பட்ட காபனீரொட்சைட்டு வெளியேறியதற்குச் சமம். இப்போது வரும் புறொப்பேன் சூழலுக்கு நல்லது, ஆனால் தீப்பற்றும். காற்றைவிடப் பாரமானபடியால் ஒழுகினால் நிலவறைக் குழிகளுக்குள் இறங்கித் தங்கும். ஆகவே அப்படியான பெட்டிக்குப் பக்கத்தில் இறைச்சி வாட்டும் அடுப்பு மூட்டக் கூடாது.

ஊரில் பெற்றோருக்கு ஏசி வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது வேறொன்று. வெள்ளவத்தையிலும் பருத்தித்துறையிலும் எதிரி பூந்தூள் அல்ல, உப்புக்காற்று. கடலைப் பார்த்து நிற்கும் பெட்டியின் இரும்பும் அலுமினியமும் விரைவில் பொரிந்துவிடும். முடிந்தால் கடலுக்கு மறைவான சுவரில் பூட்டச் சொல்லுங்கள். ஆளியை நிறுத்திவிட்டு, மாதம் ஒருமுறையாவது நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவிவிடச் சொல்லுங்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீரால் கழுவிப் பயனில்லை.

இந்தத் தொழிலில் ஆள் பற்றாக்குறை உண்டு என்பதையும் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. குளிர்சாதன அமைப்புத் தொழிலாளிக்கான பயிற்சி இங்கே நான்கு வருடம், முடிவில் அரச அங்கீகாரமுள்ள சான்றிதழ். எல்லாப் பிள்ளைகளும் வைத்தியராகவும் வங்கியிலும் இருக்கத்தான் வேண்டுமா?

கடைசியாக, நிர்வாகத்துக்கோ சேவை நிறுவனத்துக்கோ தொலைபேசி எடுக்குமுன் செய்ய வேண்டியவை. வெளிப்பெட்டியை ஜேர்மன் மொழியில் அவுசன்கெரேற் என்றும், பழுது காட்டுவதை ஸ்ரோறுங் என்றும் சொல்வார்கள். வீட்டுக்குள் உள்ள திரையில் ஏதாவது எழுத்தோ இலக்கமோ மின்னினால் அதை எழுதிவையுங்கள். பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படம் பிடியுங்கள். வகை, தொடர் இலக்கம், வாயுவின் பெயர் எல்லாம் அதில் இருக்கும். எந்த நாள், எத்தனை மணிக்கு நின்றது, அப்போது வெளியில் எத்தனை பாகை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் கையில் இருந்தால், மொழி தட்டுத்தடுமாறினாலும் வருகிறவர் சரியான சாமானுடன் வருவார்.